வெற்று ஷாட்டில் விழுந்தவன்

பழைய ஃபிலிம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டிஜிட்டல்ல இருந்து எப்படிண்ணே ஃபிலிமுக்கு வந்தீங்க?" கேட்கும்போதே முகம் பிரகாசமாகிவிடுகிறது. ஏதோ ஞானம் வந்து திரும்பியவன் என்று என்னை நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு முட்டி வலி. கடையைக் காலி செய்து சாவியையும் கொடுத்தாயிற்று. ஆளாளுக்கு உட்கார்ந்து சொல்லத் தெம்பில்லை என்பதால் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைச் சும்மா விட்டுவிடுங்கள்.

என் வயதுக்காரர்கள் எல்லாம் ஃபிலிமில் தொடங்கி டிஜிட்டலுக்குப் போனவர்கள். நான் ஏறுமாறு. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத்து அடித்துக்கொண்டிருந்தவன். டிஜிட்டல் கேமரா மதுரைக்கு வந்த புதிதில் ஒன்றை வாங்கிக்கொண்டு சிம்மக்கல்லில் ஒரு மாடியில் ஸ்டுடியோ போட்டேன். கேமராவைவிட மவுஸ்தான் எனக்குக் கை வந்தது. பரு எடுப்பேன், நரையைக் கறுப்பாக்குவேன், கல்யாணத்துக்கு வராமல் கோபித்துக்கொண்ட தாய்மாமனைக் குடும்பப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன். செத்துப்போன அப்பாவின் ரேஷன் கார்டு படத்தைக் கொடுத்தால் போதும், பட்டு வேட்டி கட்டி மணமேடையில் ஏற்றிவிடுவேன். கடை வாசலில் அதையே பெரிய எழுத்தில் போர்டாக வைத்திருந்தேன்: 'இறந்த தாய் தந்தையரை உங்கள் திருமணப் படத்தில் சேர்த்துத் தருகிறோம்.' அந்த போர்டைப் பார்த்துத்தான் பாதி வாடிக்கை வந்தது.

அந்த போர்டுதான் என்னைக் கோர்ட்டில் கொண்டுபோய்க் கவிழ்த்தது.

எங்கள் கடைக்குக் கீழே ஒரு வக்கீல் அம்மா அலுவலகம் வைத்திருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்கு போன் பேசும்போது அவர்கள் பாஷை, எங்களிடம் மதுரைத் தமிழ். வழக்குக்குப் படம் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார். அப்படித்தான் சோழவந்தான் பேச்சியம்மாள் வழக்குக்குப் போனேன்.

பேச்சியம்மாளுக்கு அங்கே ஒரு வெற்றிலைக் கொடிக்கால். கணவர் இறந்த பிறகு அவரும் மகன் பாண்டியும் பார்த்து வந்தார்கள். தண்ணீர் வருகிற வாய்க்கால் கொழுந்தன் நிலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். பங்குச் சண்டையில் கொழுந்தன் அதை மண் போட்டு அடைத்துவிட்டார். வெற்றிலைக்குத் தண்ணீர் இல்லையென்றால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. பேச்சியம்மாள் ஆற்றுப் பக்கக் கிணற்றிலிருந்து குடத்தில் தூக்கி ஊற்றிக் கொஞ்சத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார். கோர்ட் ஒரு கமிஷனரைப் பார்வையிட அனுப்பியது. கமிஷனர் வருகிறார் என்றால் இரண்டு தரப்புக்கும் முன்கூட்டியே தகவல் போகும். கொழுந்தன் காலையில் மண்ணை அள்ளிவிட்டார். கமிஷனர் பார்த்தபோது வாய்க்கால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கமிஷனரின் ஜீப் ஊர் எல்லையைத் தாண்டியதும் கொழுந்தன் மறுபடி அடைத்துவிட்டார்.

ஆக, படம் ஒன்றுதான் சாட்சி. நான் போய் டிஜிட்டலில் எடுத்தேன். மண்மேடு, வாழைக்கட்டை, காய்ந்த வாய்க்கால் எல்லாம் பளிச்சென்று வந்திருந்தன. சாட்சிக் கூண்டில் ஏறினேன்.

எதிர்க்கட்சி வக்கீல் படங்களைத் தொடக்கூட இல்லை. சிரித்துக்கொண்டே, "உங்க கடை போர்டுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"செத்தவங்களையே கொண்டாந்து மேடையில நிறுத்துறீங்க. ஒரு கூடை மண்ணைக் கொண்டாந்து வாய்க்கால்ல கொட்ட முடியாதா?"

"நான் அப்படிச் செய்யலங்க."

"செஞ்சீங்களான்னு கேக்கல. முடியுமா, முடியாதா?"

நான் எங்கள் வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன். "முடியும்" என்றேன். எதிர்க்கட்சி வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் கேட்க அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. பேச்சியம்மாள் கடைசி பெஞ்சிலிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எந்தக் கேமராவிலும் எடுத்ததில்லை.

வெளியே வந்ததும் வக்கீல் அம்மா சொன்னார். "நெகட்டிவ் வேணும்ணே. ஃபிலிம்ல எடுங்க. லேப்ல கொடுத்தீங்கன்னா அந்த லேப்காரரையும் கூண்டுல ஏத்தணும், அவரு வர மாட்டாரு. எடுத்தவரும் கழுவுனவரும் நீங்களே இருக்கணும்."

நான் ஃபிலிமுக்கு வந்த கதை இம்புட்டுத்தான். ஃபிலிமின் அழகு, மணி மணியாகத் தெரியும் அந்த கிரெய்ன் என்று நீங்கள் பேசுகிறீர்களே, அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. 'முடியும்' என்று இன்னொரு முறை சொல்லக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பழைய கேமரா ஒன்றும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் வாங்கினேன். பழகுவதற்குப் பரவை மார்க்கெட்டுக்குப் போனேன். ஒவ்வொரு படம் எடுத்ததும் கேமராவைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தேன். அங்கே கறுப்புத் தோலைத் தவிர ஒன்றுமில்லை. மறுபடி எடுப்பேன், மறுபடி திருப்பிப் பார்ப்பேன். கத்தரிக்காய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, கேமராவுக்கு முதுகு அரிக்குதா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள்.

சிரிப்புப் போகட்டும். அந்த ரோலைக் கழுவும்போது வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் ஃபிலிம் இருக்கிறது. நேரம் ஆகவில்லை. கொஞ்சம் வந்திருக்கிறதா என்று பார்ப்போமே என்று மூடியைத் திறந்துவிட்டேன். பரவை மார்க்கெட் முழுக்கக் கரியாகிவிட்டது. உங்களுக்கும் இது நடக்கும். பார்த்துப் பார்த்தே பழகிய கைக்குப் பார்க்காமல் இருப்பதுதான் பெரிய வேலை. கழுவுகிற மருந்துப் பொட்டலத்தில் இருபது டிகிரி என்று போட்டிருப்பான். மதுரையில் சித்திரை மாதம் குழாய்த் தண்ணீரில் கை வைத்தவனுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். சர்பத் கடையில் ஐஸ்கட்டி வாங்கிவந்து டப்பாவைச் சுற்றிலும் போட்டு எப்படியோ கற்றுக்கொண்டேன். பிடித்துக் கற்றுக்கொள்ளவில்லை. அலுப்போடுதான் கற்றுக்கொண்டேன்.

ஒரு காலை வக்கீல் அம்மா போன் செய்தார். "இன்னைக்கு மறுபடி அடைச்சுட்டாங்களாம். உடனே கிளம்புங்கண்ணே. மத்தியானத்துக்குள்ள திறந்துவிட்டாலும் விட்டுருவாங்க."

போய் இறங்கியபோது பேச்சியம்மாள் வரப்பில் நின்றிருந்தார். கையில் அன்றைய செய்தித்தாள். படத்தில் தேதி தெரிய வேண்டும் என்று அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி வக்கீல் அம்மா சொல்லியிருந்தார். "பாண்டிய எங்க?" என்றேன். "வாடிப்பட்டிக்குப் போயிருக்கான் தம்பி. நீங்க வெரசா எடுங்க, அவுக ஆளுக வந்துருவாக" என்றார்.

குனிந்து ஃபிலிமை மாட்டினேன். ஃபிலிம் மாட்டியதும் முதலில் இரண்டு மூன்று தடவை சும்மா அழுத்தித் தள்ள வேண்டும். மாட்டும்போது வெளிச்சம் பட்ட பகுதி அப்போதுதான் கடந்துபோகும். வெற்று ஷாட் என்போம். எங்கே பார்த்து அழுத்துகிறோம் என்று யாரும் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை. எண் காட்டும் சின்ன ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அழுத்தினேன். அப்புறம் வாய்க்காலை எடுத்தேன். மண்மேடு, சாக்கு மூட்டை, செய்தித்தாளோடு பேச்சியம்மாள், இந்தப் பக்கம் வெளிறிப்போன கொடிகள். கேமராவைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் திரும்பும் வரை சட்டைப் பையில் இருந்த ரோலைக் கையால் பொத்திக்கொண்டே வந்தேன்.

மறுநாள் கொழுந்தன் போலீசில் புகார் கொடுத்தார். தன் கொடிக்காலில் ஒரு வரிசைக் கொடிகளை வேரை ஒட்டி யாரோ அறுத்துவிட்டார்கள், அது பாண்டியாகத்தான் இருக்கும் என்று. பேச்சியம்மாள் ஸ்டேஷன் வாசலில் மண்ணை வாரித் தூற்றிச் சத்தியம் செய்தார். தன் மகன் அன்றைக்கு வாடிப்பட்டியில் இருந்தான் என்று.

அன்றுதான் நான் ரோலைக் கழுவினேன். நன்றாக வந்திருந்தது. கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டு மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். தொடக்கத்தில் ஒரு ஃபிரேம் பாதி எரிந்து கறுத்திருந்தது. வெற்று ஷாட்தான். மீதிப் பாதியில் வேலி தெரிந்தது. வேலிச் சந்துக்கு அப்பால், கொழுந்தனின் கொடிக்காலில், அகத்தி மரங்களுக்கு நடுவே ஒரு ஆள் குனிந்திருந்தான். நெகட்டிவில் முகம் கறுப்பாக இருக்கும், யாரென்று தெரியாது. பிரிண்ட் போட்டேன். பாண்டி. கையில் அரிவாள். காலடியில் அறுபட்ட கொடிகள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிலிமின் நுனியை வெட்டி எறிவது எல்லா லேபிலும் நடக்கிற காரியம். எரிந்த நுனியை யார் வைத்துக்கொள்வார்கள்? ஒரு கத்திரிக்கோல் போதும். கேட்பார் யாருமில்லை. டிஜிட்டலில் அழிப்பதைவிட இது சுலபம். கத்திரியைக் கையில் எடுத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் எதிர்க்கட்சி வக்கீல் எப்படியும் கேட்பார், 'இந்த ரோல் முழுசா இருக்கா?' என்று. நான் அதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

வக்கீல் அம்மாவையும் பேச்சியம்மாளையும் கூப்பிட்டுப் பிரிண்டைக் காட்டினேன். பேச்சியம்மாள் வெகுநேரம் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அதை முகத்தில் பார்த்தேன்.

"இந்தப் படத்த வெட்டிருங்க தம்பி" என்றார்.

"வெட்ட மாட்டேன்மா."

"ஏன்? செத்தவுகளையெல்லாம் கொண்டாந்து நிறுத்துறீகள்ல. உசுரோட இருக்குற எம்மவன எடுக்க முடியாதா?"

"அதைச் செய்யப் போய்த்தானம்மா அன்னைக்குக் கூண்டுல அசிங்கப்பட்டோம். கோர்ட்டுல போட்டா முழு ரோலையும் போடுவோம். இல்லைன்னா போட வேணாம். இதை இங்கயே அடுப்புல போட்டுருவோம். ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க."

"போடாட்டி கொடிக்கால் போச்சு. போட்டா மகன் போயிருவான்" என்றார். பிறகு வக்கீல் அம்மா பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா, என்னத்தச் செய்ய?" என்றார்.

வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா. கூண்டுல ஏறப்போறது அவரு. அவரால என்ன சொல்ல முடியுமோ அதைத்தான் போட முடியும்."

பேச்சியம்மாள் எழுந்தார். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையை நம் ஊரில் எப்போது சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் செய்தது சரி என்றுதான் நினைத்தேன். சரியாக இருப்பது இத்தனை அலுப்பாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

சில நாள் கழித்துப் பாண்டி கடைக்கு வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல உடம்பு. அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவன், "அந்தப் படத்த ஒரு தடவ காட்டுங்கண்ணே" என்றான்.

கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"நானாண்ணே இது?"

"நீதான்."

"இதைப் பாத்ததுல இருந்து அம்மா எங்கூடப் பேசல. திட்டிக்கூடத் தொலைக்க மாட்டேங்குது. கொடத்தத் தூக்கிட்டுப் போகுது, வருது. நான் கொடத்துல கைய வச்சா வெலக்கிவிடுது." படத்தைத் திருப்பிக் கொடுத்தான். "முழுசா போடுங்கண்ணே. நான் இப்ப ஸ்டேஷனுக்குத்தான் போறேன். அறுத்தது நான்தான்னு எழுதிக் குடுத்துட்டு வாரேன்."

"அம்மாட்டச் சொன்னியா?"

"சொன்னேன். அதுக்கும் பேசல. ஆனா வக்கீலம்மாவுக்குப் போன் போட்டுப் போடச் சொல்லிருச்சு."

அடுத்த வாய்தாவில் நெகட்டிவை நுனியோடு அப்படியே நீளமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூண்டில் ஏறினேன். எதிர்க்கட்சி வக்கீல் வாய்க்கால் படங்களைப் பார்த்தார், நெகட்டிவைப் பார்த்தார். பழைய கேள்வியைத்தான் கையில் வைத்திருந்தார். அது ஒரு தடவை நன்றாக வேலை செய்த கேள்வி அல்லவா?

"உங்க கடை போர்டு இன்னும் இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப இதுலயும் உங்களுக்கு வேண்டியதைச் சேர்க்க, வேண்டாததை எடுக்க உங்களால முடியும்தானே?"

நான் நீதிபதியைப் பார்த்தேன். "ஐயா, அந்த நெகட்டிவோட நுனியை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. முதல் ஃபிரேம்ல ஒருத்தர் குனிஞ்சு எதிர்க்கட்சிக்காரரோட கொடியை அறுக்கிறாரு. அது இந்த அம்மாவோட மகன். எடுக்க முடியும்னா முதல்ல அவனைத்தானய்யா எடுத்திருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிரிண்டைக் கேட்டு வாங்கி அதையும் பார்த்தார். எதிர்க்கட்சி வக்கீல் துள்ளி எழுந்து, பார்த்தீர்களா, இவர்கள்தான் குற்றவாளிகள் என்றார். எங்கள் வக்கீல் அம்மா உட்கார்ந்தபடியே, "அவரே ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டாரு" என்றார். வாய்க்காலை இனி அடைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பாண்டியின் வழக்கு தனியாக நடந்தது. வருஷக்கணக்கில் அலைந்தான், அபராதம் கட்டினான், போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருந்தவன் அந்த ஆசையை விட்டுவிட்டான். நான் எடுத்த ஒரு வெற்று ஷாட் அத்தனையும் செய்தது.

தீர்ப்பு அன்று கோர்ட் வராந்தாவில் பேச்சியம்மாள் என் முன்னால் வந்து நின்றார்.

"அந்தப் படத்துல எம்மவன் இல்லாட்டி நாம செயிச்சிருக்க மாட்டோம்னு வக்கீலம்மா சொல்லுது தம்பி. அதுக்காக ஒங்களக் கும்பிடவா முடியும்?"

"வேணாம்மா" என்றேன்.

"கும்பிடத்தான் நெனச்சேன். கை வரமாட்டேங்குது." சொல்லிவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். முன்னால் அவர், ஏழெட்டு அடி பின்னால் அவன்.

அதற்குப் பிறகு வழக்குப் படங்களை எல்லாம் ஃபிலிமில்தான் எடுத்தேன், கடையைப் பூட்டும் வரைக்கும். ஃபிலிம் உண்மை பேசும் என்று நான் சொல்ல வரவில்லை. நுனியை வெட்டினால் அதுவும் பொய் பேசும். பார்க்காமல் அழுத்தும்போதும் அங்கே ஒருவன் நிற்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவனை என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டிய நாளும் வரும். அன்றைக்கு யாரும் துணைக்கு வர மாட்டார்கள்.

கொடிக்கால் திரும்பத் தழைத்தது என்று கேள்விப்பட்டேன். பாண்டிக்குக் கல்யாணம் நடந்தபோது என்னைக் கூப்பிடவில்லை. படம் எடுத்தவர் எனக்குத் தெரிந்தவர்தான், டிஜிட்டல்காரர். குடும்பப் படத்துக்கு எல்லோரும் மேடையில் ஏறி நின்ற பிறகும் பேச்சியம்மாள் மட்டும் கீழேயே நின்றாராம். கேமராவைக் காட்டி, "தம்பி, இதுல வேண்டாதது விழுந்தா அழிச்சிரலாம்ல?" என்று கேட்டாராம். "தாராளமா அழிச்சிரலாம்மா" என்று அவர் சொன்ன பிறகுதான் மேடை ஏறி மகன் பக்கத்தில் போய் நின்றாராம்.